உயிரணுக்களின் உரையாடலும் அடங்காச் சிறுநீர்ப்பையும்

ஆனி மாதத்தில் சாரல் இறங்கியதும் தென்காசி வட்டாரம் முழுவதும் குளிர்ந்துவிடும். பேரருவியிலும் ஐந்தருவியிலும் பழைய குற்றால அருவியிலும் நீராட வருவோர் பலரும் தம் உடலில் உணரும் நிகழ்வு ஒன்று உண்டு. குளிர்நீர் தலையில் விழுந்த சிறிது நேரத்திற்கெல்லாம் சிறுநீர் முட்டிக்கொண்டு வருகிறது. இதற்குக் காரணங்கள் இரண்டு. குளிரில் தோலின் குருதிக்குழாய்கள் சுருங்குவதால் குருதி உடலின் நடுப்பகுதியில் திரள்கிறது. நீர் மிகுந்துவிட்டதாகக் கொள்ளும் உடல், சிறுநீரின் அளவைக் கட்டுப்படுத்தும் வாசோபிரசின் என்னும் சுரப்பைக் குறைக்கிறது; சிறுநீரகங்கள் கூடுதல் நீரை வெளியேற்றுகின்றன. மற்றொரு காரணம் நரம்பு வழிப்பட்டது. எலிகளின் உடலைக் குளிர்வித்து ஆராய்ந்த சப்பானிய அறிஞர்கள், சிறுநீர்ப்பை உரிய அளவு நிறையும் முன்பே சுருங்கத் தொடங்குவதைக் கண்டனர். தோல் உணர்ந்த குளிரைச் சிறுநீர்ப்பை நரம்பின் வழியே அறிந்துகொள்கிறது.

நலமுடையவர் இந்த உந்துதலைப் பொறுத்துக்கொண்டு, நீராடி முடித்து, உரிய இடம் தேடிச் செல்வார். ஆயின், அருவியும் குளிரும் இல்லாத வேளையிலும் இதே உந்துதலோடு ஆண்டுக்கணக்கில் வாழ்வோர் பலர். குழாயில் நீர் விழும் ஓசை கேட்டால் போதும். வீட்டுக் கதவின் பூட்டைத் திறக்கக் கை நீண்டால் போதும். இனி ஒரு நொடியும் தாங்காது என்னும் நிலை வந்துவிடும். பன்னாட்டுச் சிறுநீர் அடக்கக் கழகம் 2002இல் இதற்கு வரையறை தந்தது. திடீரென எழும் அடக்கவொண்ணா உந்துதலே இதன் முதன்மை அறிகுறி. பகலில் பலமுறை சிறுநீர் கழித்தலும், இரவில் அதற்கென எழுதலும் பெரும்பாலும் உடன் வரும். சிலருக்குக் கழிப்பறையை அடையுமுன் சிறுநீர் கசிந்துவிடும். தொற்று முதலிய வேறு வெளிப்படைக் காரணம் இல்லாதபோதுதான் இதனை அடங்காச் சிறுநீர்ப்பை என்பர். கனடாவிலும் ஐரோப்பிய நாடுகள் நான்கிலும் நடந்து 2006இல் வெளிவந்த ஆய்வொன்று, 18 வயது கடந்தோரில் 11.8 விழுக்காட்டினருக்கு இந்நிலை இருப்பதாகக் கணக்கிட்டது. ஏறத்தாழ எட்டுப் பேரில் ஒருவர்.

இத்துணைப் பேரை வருத்தும் நோயைப் பற்றி நம் வீடுகளில் பேச்சே எழுவதில்லை. முதுமையின் இயல்பென்று சிலர் கொள்கின்றனர். மனக்கட்டுப்பாடு இல்லாமை என்று வேறு சிலர் தம்மையே நொந்துகொள்கின்றனர். இவ்விரண்டும் பிழையான எண்ணங்கள். கடந்த ஐம்பது ஆண்டுகளின் ஆராய்ச்சி காட்டும் உண்மை வேறு. சிறுநீர்ப்பையின் உயிரணுக்கள் ஒன்றோடொன்று ஓயாது செய்தி பரிமாறுகின்றன. அந்தப் பரிமாற்றம் அளவு மீறுவதே இந்நோய்க்குப் பெருங்காரணம்.

உயிரணுக்கள் பேசும் வழிகள்

உயிரணு தன் அண்டையோடு தொடர்புகொள்ள மூன்று வழிகள் முதன்மையானவை. முதலாவது, தொட்டுக்கொண்டிருக்கும் இரு உயிரணுக்களுக்கு இடையே அமையும் நுண்குழல். கனெக்சின் என்னும் புரதம் ஆறு கூடி ஒரு பாதிக்குழலாகும். எதிரெதிர் உயிரணுக்களின் பாதிக்குழல்கள் பொருந்தும்போது முழுவழி திறக்கும். அயனிகளும் சிறு மூலக்கூறுகளும் அவ்வழியே நேராகச் செல்லும். இரண்டாவது வழியில், ஓர் உயிரணு வேதிப்பொருளை வெளியிட, அருகிலுள்ளது தன் ஏற்பியால் அதைப் பற்றி அறிகிறது. மூன்றாவது, நெடுந்தொலைவுக்குச் செய்தி கடத்தும் நரம்பு வழி.

நரம்பும் இறுதியில் வேதிப்பொருளாலேயே பேசுகிறது என்பதை 1921இல் ஆட்டோ லோவி நிறுவினார். ஒரு தவளையின் இதயத்து நரம்பைத் தூண்டி, அவ்விதயத்தை நனைத்திருந்த நீர்மத்தை எடுத்து வேறொரு தவளையின் இதயத்தில் இட்டார். அதன் துடிப்பும் தணிந்தது. அந்த நீர்மத்தில் இருந்த பொருள் அசிட்டைல்கோலின். இக்கண்டுபிடிப்புக்காக லோவியும் என்றி டேலும் 1936இல் நோபல் பரிசு பெற்றனர். மனிதச் சிறுநீர்ப்பையைச் சுருக்கும் கட்டளையும் இதே அசிட்டைல்கோலினே.

கொள்கலன் அன்று, உணர்வுறுப்பு

வளர்ந்த ஒருவரின் சிறுநீர்ப்பை ஏறத்தாழ 400 முதல் 500 மில்லிலிட்டர் வரை கொள்ளும். 150 முதல் 200 மில்லிலிட்டர் சேர்ந்ததும் முதல் உணர்வு மெல்ல எழும். சிறுநீர்ப்பை கொள்ளும் அளவு மிகுந்தும் உள்ளழுத்தம் பெரிதும் ஏறாதபடி சுவர் தளர்ந்து கொடுக்கிறது. தண்டுவடத்தின் மார்பு, இடுப்புப் பகுதிகளிலிருந்து வரும் பரிவு நரம்புகள் இத்தளர்ச்சியைக் காக்கின்றன. கழிக்கும் நேரத்தில் தண்டுவடத்தின் அடிப்பகுதியிலிருந்து வரும் துணைப்பரிவு நரம்புகள் அசிட்டைல்கோலினை வெளியிட, சுவர்த்தசை சுருங்குகிறது. எப்போது எதைச் செய்வது என்று முடிவு செய்யும் மையம் மூளைத்தண்டில் உள்ளது. 1925இல் பேரிங்டன் என்னும் ஆங்கில மருத்துவர் பூனைகளில் அதைக் கண்டறிந்தார்.

சுருக்கும் தசையும் கட்டளையிடும் நரம்பும் மட்டுமே இதில் பங்கு கொள்வதாக அறிஞர்கள் நெடுங்காலம் எண்ணினர். உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உள்தோலைச் சிறுநீர் கசியாமல் தடுக்கும் வேலியாகவே கருதினர். மூன்று அடுக்கு உயிரணுக்களால் ஆன அந்த உள்தோலின் மேலடுக்கில் குடை உயிரணுக்கள் அமைந்துள்ளன. சிறுநீர் நிறைய நிறைய அவை தட்டையாக விரிகின்றன. வடிந்ததும் மீண்டும் திரள்கின்றன. 1997இல் ஃபெர்குசன், கென்னடி, பர்ட்டன் என்னும் மூன்று ஆய்வாளர்கள் முயலின் சிறுநீர்ப்பை உள்தோலில் நீரழுத்தத்தை மாற்றிப் பார்த்தனர். அவ்வுயிரணுக்கள் ஏ.டி.பி. என்னும் மூலக்கூறை வெளியிட்டன. வேலியாகக் கருதப்பட்ட அடுக்கு, தான் நீட்டப்படுவதை உணர்ந்து உரைக்கவும் செய்கிறது என்பது அன்று புலனாயிற்று.

ஏ.டி.பி.யின் வரலாறு தனித்துக் கூறத்தக்கது. உயிரணுவின் எல்லாச் செயல்களுக்கும் ஆற்றல் தருவது அது. எங்கும் நிறைந்த அப்பொருள் செய்தி கடத்தவும் பயன்படும் என்று அறிஞருள் பெரும்பாலோர் எண்ணவில்லை. ஆத்திரேலியாவில் பணியாற்றிய செஃப்ரி பர்ன்சுடாக், அசிட்டைல்கோலினையும் நார்அட்ரினலினையும் தடுத்த பின்னரும் குடல்தசை நரம்பின் ஆணைக்கு இணங்குவதைக் கண்டார். அறியப்படாத மூன்றாம் தூதுப்பொருள் ஒன்று இருத்தல் வேண்டும் என உணர்ந்து தேடினார். அது ஏ.டி.பி.யே என்று 1972இல் விரிவாக எழுதினார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அறிவியலுலகம் அவர் கூற்றை ஐயத்தோடே நோக்கியது. 1990களில் ஏ.டி.பி.யை ஏற்கும் புரதங்கள் ஒவ்வொன்றாகப் பிரித்தறியப்பட்டபின் ஐயம் நீங்கியது. அவற்றுள் பி2எக்சு3 என்னும் ஏற்பி, சிறுநீர்ப்பையின் உணர்நரம்பு முனைகளில் செறிந்துள்ளது. 2000ஆம் ஆண்டில் அந்த ஏற்பி இல்லாத எலிகளை ஆராய்ந்தபோது, அவற்றின் சிறுநீர்ப்பை கூடுதலாகக் கொண்டதும் அவை சிறுநீர் கழிப்பது குறைந்ததும் தெரிந்தன.

ஆக, நிறைவுணர்வு பிறக்கும் முறை இதுவே. சுவர் விரிய, உள்தோலின் உயிரணுக்களிலுள்ள வாயில்கள் திறந்து கால்சியம் உட்புகுகிறது, உயிரணு ஏ.டி.பி.யை வெளியிடுகிறது; உணர்நரம்பு அதைப் பற்றி மூளைக்கு அறிவிக்கிறது. அழுத்தத்தை உணரும் இவ்வாயில்களுள் ஒன்று பீசோ2. 2020இல் வெளிவந்த ஆய்வில், பிறவியிலேயே இப்புரதம் செயற்படாத மனிதர்கள் தம் சிறுநீர்ப்பை நிறைவதைச் சரிவர உணர இயலாமல், நேரம் பார்த்தே சிறுநீர் கழிப்பது தெரியவந்தது. பீசோ வகைப் புரதங்களைக் கண்டறிந்த ஆர்டெம் பட்டபூட்டியன், மிளகாயின் காரத்தை உணரும் ஏற்பியைக் கண்டறிந்த டேவிட் சூலியசுடன் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மிளகாய்க் காரத்தால் தூண்டப்படும் அந்த ஏற்பியும் சிறுநீர்ப்பையின் நரம்புகளில் உள்ளது.

செய்தியைச் சொல்வது போலவே அதை அழிப்பதும் இன்றியமையாதது. உயிரணுக்களின் மேற்பரப்பில் அமைந்த நொதிகள், வெளிவந்த ஏ.டி.பி.யை விரைவில் சிதைத்து அடினோசினாக மாற்றுகின்றன; அடினோசினோ நரம்பை அமைதிப்படுத்துகிறது. அடங்காச் சிறுநீர்ப்பையில் இச்சமநிலை குலைகிறது. நரம்புக் கோளாற்றால் இந்நோய் உற்றவர்களின் உள்தோலை நீட்டியபோது, நலமுடையோரினும் மிகுதியாக ஏ.டி.பி. வெளிப்பட்டது. சிறுநீர்ப்பையில் சேர்ந்திருக்கும் நீர் சிறிதே. நரம்பு பெறும் செய்தியோ நிறைந்துவிட்டது என்பது. நோயாளி உணரும் உந்துதல் முற்றிலும் உண்மையானது; அவர் அதைக் கற்பனை செய்வதில்லை.

தசைக்குள் பரவும் செய்தி

சேமிக்கும் வேளையிலும் சிறுநீர்ப்பையின் தசை முற்றிலும் அசைவற்றிருப்பதில்லை. அங்கும் இங்குமாகச் சிறு சிறு சுருக்கங்கள் எழுந்து அடங்குகின்றன. தென்காசியில் காசிவிசுவநாதர் தேரின் வடத்தைத் தனித்தனியே சிலர் இழுத்தால் தேர் நகராது. அத்தனை கைகளும் ஒரே வேளையில் இழுத்தால்தான் நிலை பெயரும். தசை உயிரணுக்களும் அவ்வாறே. நலமான சிறுநீர்ப்பையில் அண்டை உயிரணுக்களுக்கிடையே மின்தொடர்பு குறைவாக இருப்பதால், ஓரிடத்துச் சுருக்கம் அவ்விடத்திலேயே ஓய்ந்துபோகிறது.

ஆக்சுபோர்டுப் பல்கலைக்கழகத்தின் அலிசன் பிரேடிங் அம்மையார் 1997இல் முன்வைத்த கருத்து இங்கே பொருந்துகிறது. நரம்புத் தொடர்பை ஓரளவு இழந்த தசை, தன் உயிரணுக்களுக்கிடையே தொடர்பைப் பெருக்கிக்கொள்கிறது. அதனால் ஓர் இடத்தில் எழும் சுருக்கம் சுவர் முழுவதும் படர்ந்துவிடுகிறது என்றார் அவர். பின்னர் வந்த ஆய்வுகள் கனெக்சின் குழல்களின் பங்கைத் தெளிவாக்கின. தசைக்கும் உள்தோலுக்கும் இடையே கிளைத்த வடிவுடைய இடைநிலை உயிரணுக்கள் வலைபோல் பரவியுள்ளன. எசுப்பானிய அறிஞர் ராமோன் ஈ காகால் குடலில் முதன்முதலாக விளக்கிய உயிரணுக்களை இவை ஒத்தவை. இவை கனெக்சின் 43 குழல்களால் ஒன்றோடொன்று இணைந்துள்ளன. அடங்காச் சிறுநீர்ப்பை உடையோரிடம் இந்தப் புரதம் மிகுந்திருப்பதைத் திசு ஆய்வுகள் காட்டின. நலமான மனிதச் சிறுநீர்ப்பை ஏறத்தாழ முழுவதும் அசிட்டைல்கோலினுக்கே கட்டுப்பட்டுச் சுருங்க, நோயுற்றதில் ஏ.டி.பி.யின் பங்கும் ஏறிவிடுகிறது. ஒரு கட்டளைக்குப் பணிந்த தசை இப்போது பல கட்டளைகளைக் கேட்கிறது.

இரவில் எழுவதன் காரணத்தையும் கனெக்சின் ஒருவாறு விளக்குகிறது. கியோட்டோப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் எலிகளில் கண்டது இது. சிறுநீர்ப்பையின் கனெக்சின் 43 நாள் முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. உறக்க வேளையில் குறைந்தும் விழிப்பு வேளையில் மிகுந்தும் நாட்கடிகாரத்தின் ஒழுங்குக்கு உட்பட்டு நடக்கிறது. அது குறையும்போது சிறுநீர்ப்பை கூடுதலாகத் தாங்குகிறது, உறக்கம் கலைவதில்லை. மனிதரிடம் முதுமையில் வாசோபிரசினின் இரவுச் சுரப்புக் குறைவதும் இதனுடன் சேரக்கூடும். ஆகவே, நள்ளிரவில் இருமுறை மும்முறை எழும் முதியவரின் துன்பத்தில் சிறுநீரகமும் சிறுநீர்ப்பையும் நாட்கடிகாரமும் ஒருங்கே பங்குகொள்கின்றன.

தண்டுவடம் அறுபட்டபின்

தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் உள்ளது. கடற்படை அதிகாரிக்கான தேர்வின்போது கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்டுக் கைகால் செயலிழந்த எசு. இராமகிருட்டிணன், தம் சொந்த ஊரில் 1981இல் அதைத் தொடங்கினார். தமக்கு மருத்துவம் செய்த வான்படை மருத்துவர் அமர்சித் சிங் சகலின் பெயரையே அதற்குச் சூட்டினார். 2020இல் நடுவணரசு அவருக்குப் பத்மசிறீ விருது அளித்தது. மாற்றுத்திறனாளர்களுக்கான கல்வி, மறுவாழ்வுப் பணிகளோடு, தண்டுவடம் பாதிக்கப்பட்டோருக்கான மறுவாழ்வுச் சிகிச்சையும் அங்கு நடைபெறுகிறது. சாலை நேர்ச்சிகளும், மரத்திலிருந்தும் கட்டடத்திலிருந்தும் விழுதலும் நம் நாட்டில் இத்தகைய காயங்களுக்கு முதன்மைக் காரணங்கள். தென்னையும் பனையும் நிறைந்த இம்மாவட்டத்தில் இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

தண்டுவடம் அறுபட்டவரின் சிறுநீர்ப்பை, உயிரணுக்களின் பேச்சு எவ்வாறு திரிகிறது என்பதைத் தெள்ளத் தெளிவாகக் காட்டுகிறது. காயம்பட்டவுடன் அது சில வாரங்கள் செயலற்றுக் கிடக்கும். பிறகு மூளையின் ஆணை எட்டாத நிலையில் தண்டுவடத்தின் அடிப்பகுதியிலேயே புதியதொரு மறிவினை உருவாகிறது. இயல்பு நிலையில் பெரும்பாலும் அமைதியாக இருக்கும் சி வகை நுண்நரம்புகள் இப்போது விழித்துச் செய்தி அனுப்புகின்றன. அமெரிக்காவின் வில்லியம் டி குரோட் பல்லாண்டுகள் உழைத்து இந்த மாற்றத்தை விளக்கினார்.

அந்நரம்புகளை விழிக்கச் செய்வதில் சிறுநீர்ப்பைக்கும் பங்குண்டு. மிகையாக உழைத்துத் தடித்த தசை, நரம்பு வளர்ச்சிக் காரணி என்னும் புரதத்தைக் கூடுதலாகச் சுரக்கிறது. ரீட்டா லெவி மொண்டால்சினிக்கும் சுடான்லி கோகனுக்கும் 1986இல் நோபல் பரிசு பெற்றுத் தந்த அதே காரணி அது. நரம்பு முனைகள் அதை உட்கொண்டு தம் உயிரணுவின் உடல் வரை ஏற்றிச் செல்ல, உயிரணு பருக்கிறது, கூருணர்வு பெறுகிறது. நரம்பு தசைக்கு ஆணையிடுவதை மட்டுமே நாம் அறிந்திருந்தோம். தசை நரம்பையே மாற்றியமைக்கிறது என்பதை இக்கண்டுபிடிப்பு உணர்த்தியது. ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கழுத்தருகே சிறுநீரின் வழியைச் சூழ்ந்திருக்கும் சுரப்பி புரோசுடேட்டு. அது பெருத்துச் சிறுநீரின் வழியை நெருக்கும்போதும் தசை இவ்வாறே தடித்து நரம்பைத் தூண்டுகிறது.

தண்டுவடம் அறுபட்டவருக்குச் சிறுநீர்ப்பை சுருங்கும் அதே வேளையில் சிறுநீர் வெளியேறும் வாயிலின் தசையும் இறுகிக்கொள்வதுண்டு. அழுத்தம் ஏறிச் சிறுநீரகத்தைச் சிதைக்கும். ஒரு காலத்தில் இத்தகையோரின் இறப்புக்குச் சிறுநீரகச் செயலிழப்பே முதன்மைக் காரணமாக இருந்தது. தூய குழாயைக் குறித்த நேர இடைவெளியில் தாமே செலுத்திச் சிறுநீரை வெளியேற்றும் எளிய முறையை 1972இல் அமெரிக்க மருத்துவர் லாப்பிடிசு பரப்பிய பின்னர் அந்நிலை பெரிதும் மாறியது.

பேச்சைத் திருத்தும் மருத்துவம்

இன்றுள்ள சிகிச்சை ஒவ்வொன்றும் இந்த உரையாடலின் ஓரிடத்தில் தலையிடுகிறது. ஆக்சிபியூட்டினின், டால்டெரோடின், சோலிஃபெனாசின் ஆகியவை அசிட்டைல்கோலினின் ஏற்பியை மறித்து நிற்கின்றன. அதே ஏற்பி உமிழ்நீர்ச் சுரப்பியிலும் குடலிலும் இருப்பதால் வாய் உலரும், மலம் கட்டும். முதியோரின் நினைவாற்றல் குறித்தும் விழிப்பு வேண்டும். மிராபெக்ரான் வேறு வழியில் செல்கிறது. தசையைத் தளர்த்தும் பரிவு நரம்பின் செய்தியை அது ஒத்துச் செயற்படுகிறது. 2012இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. பாட்டுலினம் நச்சைச் சிறு அளவில் சிறுநீர்ப்பைச் சுவரில் செலுத்தினால், நரம்பு முனை தூதுப்பொருளை வெளியிடுவதே தடைப்படுகிறது. தண்டுவடக் காயத்தால் வரும் நோய்க்கு 2011இலும் பொதுவான அடங்காச் சிறுநீர்ப்பைக்கு 2013இலும் அமெரிக்கா இதற்கு ஒப்புதல் தந்தது. பல மாதங்கள் பயன் நீடிக்கும். பிறகு மீண்டும் செலுத்த வேண்டும். கணுக்காலருகே செல்லும் நரம்பை மெல்லிய மின்னோட்டத்தால் தூண்டி, தண்டுவடத்தில் நிகழும் பரிமாற்றத்தைத் தணிக்கும் முறையும் உண்டு.

பி2எக்சு3 ஏற்பியை மட்டும் தடுக்கும் மருந்தொன்று அடங்காச் சிறுநீர்ப்பை நோயாளிகளிடம் ஆய்ந்து பார்க்கப்பட்டபோது எதிர்பார்த்த பயன் விளையவில்லை. பல குரல்கள் கலந்த உரையாடலில் ஒரு குரலை அடக்கியதும் அமைதி திரும்பிவிடாது என்பதே அது தரும் பாடம். ஆதலால்தான் மருந்துக்கு முன்னரும் மருந்தோடும் பயிற்சியை மருத்துவர்கள் வலியுறுத்துகின்றனர். உந்துதல் எழுந்ததும் ஓடாமல் நின்று, இடுப்படித் தசையைச் சிலமுறை விரைந்து இறுக்கினால், அத்தசையிலிருந்து செல்லும் நரம்புச் செய்தி சிறுநீர்ப்பையின் சுருக்கத்தைத் தணிக்கும். இருமுறை சிறுநீர் கழிப்பதற்கு இடையிலான நேரத்தைச் சிறிது சிறிதாக, கால் மணி நேர அளவில், வாரக்கணக்கில் நீட்டிச் செல்வது மற்றொரு பயிற்சி. காப்பியும் தேநீரும் மிகுந்தால் குறைக்க வேண்டும். நெடும்பயணத்துக்கு அஞ்சித் தண்ணீரையே தவிர்ப்பது தீங்கு. அடர்ந்த சிறுநீர் உள்தோலை உறுத்தும்.

அடிக்கடி சிறுநீர் கழிப்பதெல்லாம் இந்நோயாகிவிடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் துணையோடு நடந்து 2023இல் வெளிவந்த ஆய்வு, நாட்டின் வளர்ந்தோரில் 11.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கூறியது. நீரிழிவும் சிறுநீர்த் தொற்றும் கல்லும் இதே அறிகுறிகளோடு வரலாம். சிறுநீரில் குருதி கண்டால் ஒரு நாளும் தாழ்த்தக் கூடாது. முதலில் சிறுநீரும் குருதிச் சர்க்கரையும் ஆய்ந்தறிந்த பின்னரே அடங்காச் சிறுநீர்ப்பை என்னும் முடிவுக்கு வர வேண்டும்.

செங்கோட்டையிலிருந்து சென்னை செல்லும் பொதிகைத் தொடர்வண்டியில் ஏறவும், உறவினர் திருமணத்துக்குப் பேருந்தில் செல்லவும் தயங்கி வீட்டோடு ஒடுங்கியவர்கள் நம்மிடையே உள்ளனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் முதியோருமாகவே இருப்பர் என்று எண்ணி விட்டுவிட வேண்டாம்; ஆண்களிடமும் இந்நோய் ஏறத்தாழ அதே அளவில் உண்டு. இந்நோயுற்றோர் செய்யத்தக்க முதற்பணி எளிது. எப்போது, எவ்வளவு நீர் அருந்தினோம், எப்போது, எவ்வளவு சிறுநீர் கழித்தோம், எப்போது உந்துதல் அடங்காமற் போயிற்று என்று மூன்று நாட்கள் ஒரு குறிப்பேட்டில் எழுத வேண்டும். அதனை எடுத்துக்கொண்டு அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வீட்டிலுள்ளோர் ஒருவர் உடன் சென்றால், நாணத்தால் சொல்லாமல் விடுவதும் சொல்லப்படும். எந்த உயிரணுவின் செய்தி எங்கே மிகுந்தது என்று மருத்துவர் தேடத் தொடங்குவது அந்தக் குறிப்பேட்டிலிருந்துதான்.